சுண்ணாம்புச் சுவரில் மஞ்சள் தண்ணீர்

என் மனைவி ஏற்காட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புவாள். நான் சேலத்தில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறவன். நாகலூர் போகும் ரோட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நெட்வொர்க் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மூடுபனி இறங்கிவிட்டால் கட்டாயம் போகும். அப்போதெல்லாம் நான் உழைக்கத் துடித்துக்கொண்டிருப்பது போலவும், நெட்வொர்க்தான் என் கையைக் கட்டிப் போட்டிருப்பது போலவும் முகத்தை வைத்துக்கொள்வேன். என் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவள் ஒருத்திதான் அதை நம்புகிறவள்.

போன கோடை விடுமுறையில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பார்த்துக்கொண்ட விதம் இப்படி: அவள் ஒரு போனைப் பார்ப்பாள், நான் ஒரு போனைப் பார்ப்பேன். ஒரு நாள் மாலை மனைவி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சோபாவின் இரண்டு மூலையில் கிடந்தோம். அடுப்பில் வைத்த டீ தண்ணீர் வற்றி, பாத்திரம் தீய்ந்து, வீடெல்லாம் நாற்றம். எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை.

"வெளிய எத்தனை எடம் கெடக்குது. புள்ளைய கூட்டிட்டுப் போயி எதாச்சும் பண்ணுங்க. போன் இல்லாம," என்றாள்.

போன் இல்லாமல் என்ன செய்யலாம் என்று போனில் தேடினேன். குழந்தைகளை வாசலில் இறக்கிவிட்டு, கை கால் முகமெல்லாம் அப்பிக்கொள்கிற மாதிரி சாயத்தில் விளையாட விடுங்கள், கூடவே சின்னச் சின்ன அறிவியல் கேள்விகளைக் கேளுங்கள் என்று ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னார். எந்தச் சாயம் வேகமாக வழிகிறது? ஏன்? எது தண்ணீரில் கரைகிறது? எது கரையவில்லை? பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு புல்லரிப்பு. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. வாங்கிய பட்டத்தை இதுவரை கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடுவதற்கு மட்டும்தான் பயன்படுத்தியிருந்தேன். அதற்கும் ஒரு நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்கள் வீடு ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பகுதி. முன்பகுதியில் வீட்டு ஓனரம்மா இருக்கிறார். பின்பகுதியில் நாங்கள். நடுவில் நல்ல வாசல், அதைத் தாண்டினால் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். ஓனரம்மாவின் பேத்தி விடுமுறைக்குச் சேலத்திலிருந்து வந்திருந்தாள். ஒன்பது வயது, வாய் ஓயாது. எதிர்வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்களுடைய அப்பா அம்மா எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள். என் மகளோடு சேர்த்து நான்கு பேர். எனக்கு மாணவர்கள் கிடைத்துவிட்டார்கள்.

முதல் நாள் ஒரு பிளைவுட் பலகையைச் சாய்த்து வைத்து, மைதாக் கூழில் கலந்த சாயத்தையும் வெறும் தண்ணீரில் கலந்த சாயத்தையும் மேலிருந்து ஒன்றாக ஊற்றச் சொன்னேன். தண்ணீர்ச் சாயம் ஓடியது, கூழ் நடந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுக்குப் பேருதான் பாகுநிலை," என்றேன்.

"வெல்லப் பாகுங்களா மாமா?" என்றான் எதிர்வீட்டுச் சின்னவன்.

"அந்த மாதிரிதான்."

அந்த மாதிரிதான் என்று சொன்னது தப்பு. அவன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கிண்ணம் நிறைய வெல்லப் பாகு கொண்டுவந்து நீலச் சாயத்தோடு கலந்து பலகையில் ஊற்றிவிட்டான். மறுநாள் காலையில் பலகை முழுக்க எறும்பு. நான் அன்றைக்கு ஒளியைப் பற்றிச் சொல்லலாம் என்று தயாராக வந்திருந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எறும்புக்கு எந்த நிறம் பிடிக்கிறது என்று நான்கு பேரும் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எறும்புக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை, பாகுதான் பொருட்டு என்று என் மகள் அறிவித்தாள். நானும் குப்புறப் படுத்து ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

அடுத்த சிக்கல் துணி. கடையில் வாங்கிய சாயம் சட்டையில் பட்டால் போகவில்லை. எதிர்வீட்டுப் பையன்களின் அம்மா வேலி ஓரமாக வந்து நின்று, கோபமே இல்லாமல், "ஏனுங்க, சட்டை பழசுதானுங்க, போனாப் போவுது. பையன் காதுக்குள்ள பச்சையா இருக்குதுங்க, அதுதான் தொடச்சாலும் போவ மாட்டேங்குது," என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றோடு கடைச் சாயத்தை நிறுத்தினேன். இனிமேல் இயற்கைச் சாயம்தான். மஞ்சள் தூள், பீட்ரூட், காபித் தூள். காதுக்குள் போனாலும் கெடுதல் இல்லை. இந்த முடிவை நான் எடுத்த விதத்தைப் பார்த்திருந்தால், ஏதோ பெரிய ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் என்று நினைத்திருப்பீர்கள்.

என் மனைவி மெடிக்கலில் ஊசி இல்லாத புது சிரிஞ்சுகள் வாங்கிக் கொடுத்தாள். சின்னது, பெரியது என்று இரண்டு அளவு. இந்தக் கதையில் அவள் செய்த ஒரே பிசகு அதுதான்.

அந்த வாரம் ஓனரம்மா வீட்டில் விசேஷம். அவருடைய சின்ன மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் வாழவந்தியிலிருந்து வருகிறார்கள், உபதேசியார் வந்து ஜெபம் செய்கிறார், எல்லாம் எங்கள் பொது வாசலில் பந்தல் போட்டு. அதற்காக வாசலைப் பார்த்த பெரிய சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். பெயிண்ட் அடித்தால் மலைக் குளிருக்கு உப்பி உரிந்து வருகிறது, சுண்ணாம்புதான் நிற்கும் என்பது அவர் கட்சி. அடித்துவிட்டுப் போன ஆளுக்கு வேறு ஊரில் ஒப்புக்கொண்ட வேலை, அடுத்த வாரம்தான் திரும்புவார். சுவர் காய்ந்தும் காயாமலும் பளபளவென்று நின்றது.

ஓனரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு ஜவுளி எடுக்கப் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். "கண்ணு, சொவத்துப் பக்கம் மட்டும் புள்ளைங்கள உட்டுறாத."

"நான் இருக்கேன்லங்கம்மா. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

அன்றைய ஆராய்ச்சி இதுதான். மஞ்சள் தண்ணீரை சிரிஞ்சில் இழுத்துப் பீய்ச்சினால் சின்னது தூரமாகப் போகுமா, பெரியது தூரமாகப் போகுமா? நேராகப் பிடித்தால் எவ்வளவு தூரம், தூக்கிப் பிடித்தால் எவ்வளவு தூரம்? குறி வைக்க ஒரு பழைய வெள்ளை பெட்ஷீட்டைத் துணிக்கொடியில் விரித்துக் கட்டினேன். கொடி சுவருக்கு முன்னால் இருந்தது. பெட்ஷீட் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும் என்பது என் கணக்கு. காற்று என்று ஒன்று இருப்பது கணக்கில் வரவில்லை.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் தூரமாகப் போகிறது என்று பேத்தி கண்டுபிடித்தாள். பெட்ஷீட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் நான்கு பேரும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பீய்ச்சிய அதே நொடியில் ஒரு காற்று வந்து பெட்ஷீட்டைக் கொடிக்கு மேலே தூக்கிவிட்டது.

நான்கு மஞ்சள் தாரையும் நேராகப் போய்ச் சுவரில் அடித்தன. மஞ்சளாகப் போனது, சுவரில் பட்டதும் சிவப்பாக மாறிவிட்டது. சும்மா சிவப்பு இல்லை. வெட்டுக்காயத்துச் சிவப்பு. மேலிருந்து கீழாக வழிய வேறு செய்தது.

"ரத்தம்!" என்று கத்தினான் சின்னவன். கத்திவிட்டு, இன்னொரு சிரிஞ்சு அடித்தான். அதுவும் சிவந்தது. அவ்வளவுதான், நான் எழுந்து வருவதற்குள் நான்கு பேரும் கையில் இருந்த மொத்தத்தையும் சுவரில் காலி செய்துவிட்டார்கள்.

மூன்று வருடம் கெமிஸ்ட்ரி படித்த மூளை அந்த நேரத்தில் எனக்குச் சொன்ன யோசனை: சோப்புப் போட்டுக் கழுவு. பக்கெட்டில் சோப்புத்தூளைக் கரைத்து, பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு பெருகியது. கையளவு இருந்த இடம் கதவளவு ஆனது. தேய்த்த கையும் சிவந்தது. குழந்தைகளின் மஞ்சள் கைகளைப் பிடித்து அதே பக்கெட்டில் முக்கினேன். எட்டுக் கைகளும் சிவந்தன. அப்போதுதான் எனக்கு விஷயமே உறைத்தது. சுண்ணாம்பு காரம். சோப்பும் காரம். மஞ்சள் காரத்தில் பட்டால் சிவக்கும். காலேஜில் இதே மஞ்சளை வைத்து நானே பரிசோதனை செய்து மார்க் வாங்கியிருக்கிறேன்.

"எலுமிச்சம்பழம்! எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினேன்.

பழத்தைப் பிழிந்து சிரிஞ்சில் ஏற்றிச் சுவரில் அடித்தோம். பட்ட இடம் பொங்கி நுரைத்து, பளிச்சென்று மஞ்சளுக்குத் திரும்பியது. குழந்தைகள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் இருந்த சுண்ணாம்பு ஊறி மேலே வந்து, மஞ்சள் மறுபடியும் மெல்ல மெல்லச் சிவந்தது.

"மாமா, இது சூப்பருங்க மாமா!" என்றாள் பேத்தி. "இன்னொருக்கா!"

ஓனரம்மா வந்த ஜீப் வாசலில் நின்றது அந்த நேரத்தில்தான். அவர் இறங்கினார். சிவப்பு வழியும் சுவரைப் பார்த்தார். சிவந்த கைகளோடு ஓடி வந்த பேத்தியைப் பார்த்தார். ஜவுளிப் பையைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ சாமி, கையில என்ன ஆச்சு!" என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் ஆவலீங்கம்மா, மஞ்சத் தண்ணிதான்," என்று நான் ஓடினேன். என் சட்டையும் சிவப்பு. அதைப் பார்த்து அவருக்கு இன்னும் மோசமாகிவிட்டது. அவருடைய மகள், கல்யாணப் பெண், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, ஒவ்வொரு குழந்தையின் கையையும் முகர்ந்து பார்த்து, "மஞ்சள்தாம்மா" என்று உறுதி சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சில் முதல் கேள்வி என்னிடம்தான்.

"ஏந் தம்பி, நீ என்ன படிச்சிருக்கற?"

"கெமிஸ்ட்ரிங்க."

அவர் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கண்ணு என்று கூப்பிடுகிறவர் தம்பிக்கு மாறியிருந்தார். அது எனக்குத் திட்டு வாங்கியதைவிடச் சுருக்கென்றது.

மாலையில் மனைவி வந்தாள். நான் காரம், அமிலம் என்று ஆரம்பித்து விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நம்ம கல்யாணத்துல உங்களுக்கு ஆரத்தி எடுத்தாங்கல்ல?" என்றாள்.

"ஆமா."

"அது என்னன்னு நெனச்சீங்க, ரோஸ்மில்க்குன்னா?"

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு என்பது தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். அதை மறக்க எனக்கு ஒரு பட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

மறுநாள் நானே சுண்ணாம்பு வாங்கி வந்து, குழந்தைகளைக் கிட்டே விடாமல், ஏணி போட்டு அடித்தேன். ஈரம் காய்வதற்குள் மஞ்சள் உள்ளிருந்து ஊறி வந்தது. வெள்ளைச் சுவர் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு பெரிய மேகம். ஓனரம்மா வெளியே வந்து பார்த்தார். "ரோஸ் கலரு நானு கேக்கலியே," என்று மட்டும் சொன்னார்.

நான் ஏணிக்கு அடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் மகள் அந்தப் பெட்ஷீட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். அவிழ்த்துப் புதர்மேல் எறிந்தது அப்படியே கிடந்திருக்கிறது. "அப்பா, இங்க பாருங்க, மஞ்சளைக் காணோம்." வெயில் பட்ட பக்கம் வெளுத்துப்போயிருந்தது. மடிப்புக்குள் இருந்த பக்கம் அப்படியே மஞ்சள். பேத்தி உடனே அதை நம்ப மறுத்தாள். "நனைஞ்சதால போயிருக்கும்," என்றாள். சண்டை வந்தது. என்னைக் கேட்காமலே அவர்கள் ஒரு துணியை மஞ்சளில் தோய்த்துக் கிழித்து, ஒரு துண்டை வெயிலிலும், ஒரு துண்டை எங்கள் பீரோவுக்குள்ளும், ஒரு துண்டின்மேல் சில்வர் ஓக் இலையை வைத்து வெயிலிலும் போட்டார்கள். அன்று மதியம் வரை நல்ல வெயில். வெளியில் கிடந்தது வெளுத்தது, பீரோவில் இருந்தது வெளுக்கவில்லை. இலையைத் தூக்கினால் அடியில் மஞ்சளாக ஒரு இலை. மஞ்சளை அழிப்பது வெயில்தான் என்று முடிவாகிவிட்டது. பீரோவுக்குள் என் மனைவியின் புடவையும் மஞ்சளாகியிருந்தது. அதை யார் அவளிடம் சொல்வது என்பது முடிவாகவில்லை.

இனி எனக்கு வேண்டியதெல்லாம் வெயில். கேட்டதும் கிடைக்கிற பொருளா அது, இந்த மலையில்? வெள்ளிக்கிழமை முழுக்க மூடுபனி. எதிரில் இருக்கும் மரமே தெரியவில்லை. நான் வாசலில் நாற்காலி போட்டு, கணக்கு வேலையை மறந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலத்திலிருந்து கம்பெனி ஆள் எப்படியோ லைன் கிடைத்துப் போன் செய்து, "சார், அங்க நெட்வொர்க் எப்பங்க வரும்?" என்றார். "வெயில் வரட்டுங்க," என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, வைத்துவிட்டார்.

சனிக்கிழமை நல்ல வெயில். சுவரில் இருந்த சிவப்பு கண் முன்னால் மங்கிக்கொண்டே வந்தது. ஓனரம்மாகூட இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டு, "கொறையுதுதான்," என்றார். மாலையில் மேலாக ஒரு பூச்சு சுண்ணாம்பு அடித்தேன். வெள்ளை. கோணல் மாணலாக இருந்தாலும் வெள்ளை.

ஒரே ஒரு இடத்தைத் தவிர. சோப்புப் போட்டு நான் நன்றாகத் தேய்த்து வைத்த இடம்தான் எல்லாவற்றையும்விடக் கோரமாக இருந்தது. அது ஓனரம்மாவின் கண்ணில் படக்கூடாது என்று, வியாழக்கிழமையே ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து அதை மறைத்துச் சாய்த்து வைத்திருந்தேன். அந்தக் கதவு வெயிலையும் மறைத்துவிட்டது. சனிக்கிழமை மாலை நகர்த்திப் பார்த்தேன். புத்தம்புதிதாக இருந்தது சிவப்பு. சத்தமில்லாமல் கதவைத் திரும்பச் சாய்த்து வைத்தேன். யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தல் போட வந்தவர்கள், இடைஞ்சலாக இருக்கிறது என்று முதலில் தூக்கிப் போட்டது அந்தக் கதவைத்தான். வெள்ளைச் சுவரில், சரியாக மாப்பிள்ளை வீட்டார் நாற்காலிகளுக்கு எதிரே, ஒரு சிவப்புக் கதவு. அதைப் பார்த்த ஓனரம்மா என்னைத் தேடினார். நான் சமையல் பந்தலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னை உரிக்கச் சொல்லவில்லை.

ஜெபம் முடிந்தது, தட்டு மாற்றினார்கள். எல்லோரும் காபி குடிக்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா சுவரைக் காட்டி, "ஏனுங்க, இதென்னுங்க அடையாளம்?" என்று கேட்டே விட்டார். ஓனரம்மா வாயைத் திறப்பதற்குள் பேத்தி முன்னால் வந்துவிட்டாள்.

"அது நாங்க பண்ணதுங்க தாத்தா. மஞ்சளும் சுண்ணாம்பும். எலுமிச்சம்பழம் அடிச்சா மாறும், பாக்கறீங்களா?"

யாரும் பதில் சொல்லும் முன்பே எதிர்வீட்டுப் பெரியவன் சமையல் பந்தலில் என் பக்கத்திலிருந்தே பழத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். பேத்தி சிரிஞ்சால் அடித்தாள். சிவப்பில் ஒரு மஞ்சள் புள்ளி பூத்தது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து சுவர் அருகே வந்துவிட்டார்கள். புள்ளி மறுபடி சிவந்தபோது உபதேசியார் "அடடே" என்றார். சித்தப்பா ஒரு தடவை அடித்தார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு தடவை. கடைசியில் மாப்பிள்ளையிடம் சிரிஞ்சைக் கொடுத்தார்கள். பாவம், அந்தப் பையன் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. அவன் அடித்தது சுவருக்குப் பாதியில் விழுந்தது.

"கொஞ்சம் மேல தூக்கிப் புடிங்க," என்றது ஒரு குரல். கல்யாணப் பெண். பேத்தியின் கண்டுபிடிப்பு அவள் காதுக்கும் போயிருக்கிறது போலும். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் தூக்கிப் பிடித்து அடித்தான். பட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குமுன் அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சித்தப்பா என்னைத் தேடிப் பிடித்து, "நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமா? எந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்க?" என்றார்.

"வாத்தியார் இல்லீங்க. பின்னாடி வாடகைக்கு இருக்கேங்க."

பந்தியில் ஓனரம்மாவே வந்து என் இலையில் கேசரி வைத்தார். "நொம்ப சந்தோசப்படாத கண்ணு. ஆளு வந்ததும் அந்தச் சொவத்த மறுபடி அடிக்கணும். நீ ஏணியத் தொடவே கூடாது," என்றார். கண்ணு என்ற சொல் திரும்பி வந்ததில் மற்றது எதுவும் காதில் சரியாக விழவில்லை.

மீதி விடுமுறையில் குழந்தைகள் ஆராய்ச்சியை விடவில்லை. என்னைத்தான் விட்டுவிட்டார்கள். சாயம் கலப்பது, கேள்வி கேட்பது, சண்டை போட்டு முடிவு கட்டுவது எல்லாம் அவர்களே. எனக்குத் தண்ணீர் எடுத்து வரும் வேலை. பள்ளி திறப்பதற்கு முன்னால் ஒரு நாள், கல்மேல் பூசிய காபிச் சாயம் மழையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தார்கள். ஒரு கல் மழையில் நனைய வேண்டும், இன்னொரு கல் நனையவே கூடாது, அப்போதுதான் ஒப்பிட முடியும் என்று என் மகள் சொல்லி, என் கையில் குடையைக் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு தாழ்வாரத்துக்கு ஓடிவிட்டாள். நான் குனிந்து கல்லுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். மழை வலுத்தது.

ஓனரம்மா ஜன்னலைத் திறந்து, "ஏங் கண்ணு, குடைய கையில வெச்சுட்டு இப்புடி நனையறயே, ஊட்டுக்குள்ள போ," என்றார்.

"கல்லு நனையக் கூடாதுங்கம்மா," என்றேன்.

அவர் என்னையும் கல்லையும் பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.